சுஜாதா சுகமாக இருக்கிறாளா?

ஆண்கள் நாலு பேர் சேர்ந்து பழைய கதை பேசும்போது கவனித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பத்தே நிமிஷத்தில் பேச்சு ஒரு டீக்கடையிலோ ஹோட்டலிலோ போய் நின்றுவிடும். "காலேஜுக்கு எதிர்த்தாப்பல ஒரு கடை இருக்குமே, கணக்கு வெச்சு டீ குடிப்போமே..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர் முகத்தில் அப்படியே இருபது வயசு திரும்பிவிடும்!

நமக்கு அப்படி ஓர் இடம் உண்டா? யோசித்துப் பாருங்கள். பஸ் ஸ்டாப், கோயில் பிராகாரம், ஸ்நேகிதி வீட்டுத் திண்ணை. அதுவும் விளக்கு வைக்கிறதுக்குள் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

இந்த முறை, இப்படிப்பட்ட அரட்டை இடங்களுக்கெல்லாம் ராஜா என்று சொல்லத்தக்க ஓர் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். கல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் காப்பி ஹவுஸ். (2001-லேயே ஊரின் பெயர் கொல்கத்தா ஆகிவிட்டது. ஆனாலும் பிறந்து வளர்ந்த என் வாயில் கல்கத்தாதான் வருகிறது.) நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருந்த லேக் மார்க்கெட் பக்கம்தான் எங்கள் வீடு. வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. காலேஜ் வாசலை மாணவியாக மிதித்ததில்லை. ஆனால் காலேஜ் ஸ்ட்ரீட்டை நன்றாகவே மிதித்திருக்கிறேன்!

அந்தத் தெரு அப்படி. பிற்காலத்தில் பிரஸிடென்ஸி காலேஜ் ஆன ஹிந்து காலேஜ் 1817-ல் தொடங்கியது. சமஸ்கிருத காலேஜ் 1824, மெடிக்கல் காலேஜ் 1835, கல்கத்தா சர்வகலாசாலை 1857. எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். வங்காளத்தில் புத்தகத்துக்கு என்ன பெயர் தெரியுமா? தமிழில் எழுதினால் 'பொய்' என்றுதான் எழுத வேண்டும்! "பொய் வாங்கப் போறேன்னு உண்மையைச் சொல்லிட்டுப் போ" என்று அப்பா வேடிக்கை பண்ணுவார். பாடப் புத்தகங்களைப் பாதி விலைக்கு வாங்க வருஷா வருஷம் போவோம்.

அந்தப் புத்தகக் கடைகளுக்கு நடுவே, மாடிப்படி ஏறினால் காப்பி ஹவுஸ். 1876-ல் ஏற்பட்ட ஆல்பர்ட் ஹால் என்ற பழைய மண்டபம் அது. 1942-ல் காப்பி போர்டு அங்கே கடை திறந்தது. 1950-களில் காப்பி போர்டு தன் கடைகளைக் கைவிட ஆரம்பித்தபோது, வேலை இழந்த தொழிலாளிகள் பல ஊர்களில் கூட்டுறவு சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அதற்குத் துணை நின்றவர் கேரளத்து ஏ.கே. கோபாலன். 1958-ல் காலேஜ் ஸ்ட்ரீட் கடைக்கு மூடும் ஆபத்து வந்தது. பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு மனுப் போட்டு மீட்டார்களாம். ஒரு காப்பிக் கடைக்காகப் பேராசிரியர்கள் மனுப் போட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது!

உள்ளே போனால் ரொம்ப உயரத்தில் கூரை. நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். சுவரில் பெரிய தாகூர் படம். வெள்ளை உடுப்பும், விசிறி மடிப்பு வைத்த முண்டாசுமாகப் பரிமாறுபவர்கள். ஒரே இரைச்சல். பால் விடாத கறுப்புக் காப்பிக்கு அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். நம் வீட்டு டிகாக்‌ஷனில் சர்க்கரையைப் போட்டுவிட்டுப் பால் விட மறந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். விலை குறைவு என்பதால் மாணவர்களுக்கு அதுதான் அமிர்தம். ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு மூணு மணி நேரம் உட்காரலாம். "எழுந்திரு" என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்படி உட்கார்ந்து பேசுவதற்கு வங்காளிகள் 'அட்டா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் அரட்டைதான். ஆனால் நாம் அரட்டை என்றால் "வேலை வெட்டி இல்லையா?" என்கிறோம். அவர்களோ அட்டா இல்லாதவனைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்த மேஜைகளில் வெறும் பேச்சு மட்டும் நடக்கவில்லை. 1953-ல் ஆரம்பித்த 'கிருத்திபாஸ்' என்ற கவிதைப் பத்திரிகையைச் சேர்ந்த சுனில் கங்கோபாத்யாய போன்ற இளைஞர்கள் அங்கே வந்து உட்கார்ந்தவர்கள். 1961-ல் 'பசித்த தலைமுறை' என்று தங்களுக்கே பெயர் சூட்டிக்கொண்டு சில கவிஞர்கள் கிளம்பினார்கள். பெரியவர்களின் இலக்கியம் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பாஷையில் எழுதுவோம் என்றார்கள். 1962-ல் அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் கல்கத்தா வந்து இவர்களோடெல்லாம் சுற்றினார். 1964-ல் ஆபாசமாக எழுதியதாக வழக்கு வந்தது, கைது நடந்தது. அதில் தண்டனை பெற்ற மலய் ராய் சௌத்ரி 1967-ல் ஹைகோர்ட்டில் விடுதலையானார்.

அதே 1967-ல் வடக்கே நக்ஸல்பாரியில் விவசாயிகள் கிளர்ச்சி. பிரஸிடென்ஸி காலேஜ் பையன்கள் எத்தனையோ பேர் படிப்பை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். 1970-ல் காலேஜ் ஸ்கொயரில் இருந்த வித்யாசாகர் சிலையின் தலையை உடைத்தார்கள். விதவைகள் மறுமணத்துக்கு 1856-ல் சட்டம் வரக் காரணமாயிருந்தவர், பெண்கள் பள்ளிக்காகப் பாடுபட்டவர் அவர். பழசையெல்லாம் உடைக்கிற வேகத்தில், நமக்காகப் பேசியவர் யார், பேசாதவர் யார் என்றுகூடப் பார்க்கவில்லை அந்தப் பிள்ளைகள். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைகளே எத்தனையோ பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மஹாஸ்வேதா தேவி 1974-ல் எழுதிய நாவலில், பிணவறையில் மகனுக்குக் கொடுத்த எண் 1084. அந்த எண்ணின் தாய் என்பதுதான் நாவலின் பெயரே. மகன் என்ன நினைத்தான், யாரோடு பழகினான் என்று அவன் போன பிறகுதான் அந்த அம்மா தேடிப் புறப்படுகிறாள். வசதியான வீடு, பாங்கில் வேலை, அந்தஸ்தான கணவர். எல்லாம் இருந்தும் அவள் மனசை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாவின் பெயர் சுஜாதா.

இன்னொரு சுஜாதாவும் உண்டு. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1983-ல் மன்னா டே ஒரு வங்காளிப் பாட்டுப் பாடினார். 'செம்மீன்' படத்தில் "மானஸ மைனே" பாடினாரே, அவரேதான். கௌரிபிரசன்ன மஜும்தார் எழுதி, சுபர்ணகாந்தி கோஷ் மெட்டமைத்த பாட்டு. காப்பி ஹவுஸின் அந்த அட்டா இன்று இல்லையே என்கிற ஏக்கம்தான் விஷயம். ஒரு மேஜையைச் சுற்றி ஏழு ஸ்நேகிதர்கள் இருந்தார்கள். இப்போது யார் யார் எங்கே என்று பாட்டு கணக்குச் சொல்கிறது. ஒருவன் பாரிஸில், ஒருவன் டாக்காவில். கிடார் வாசித்தவன் கல்லறையில். கவிதை எழுதியவனுக்குப் புற்றுநோய். பெண்கள் இரண்டு பேர். ரமா ராய் காதலில் அடிபட்டுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சுஜாதா மட்டும்தான் எல்லோரிலும் சுகமாக இருக்கிறாளாம், லட்சாதிபதிப் புருஷனாம். வங்காளிக் கல்யாணம், பூஜை எதுவும் இந்தப் பாட்டு இல்லாமல் முடியாது. கேட்டு அழாத ஐம்பது வயசுக்காரரை நான் பார்த்ததில்லை.

என் சித்தி அழவில்லை.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. 1968-ல் கல்கத்தாவில் பி.ஏ. சேர்ந்தவள். அவளும் ஒரு வங்காளி ஸ்நேகிதியும் சனிக்கிழமைகளில் காப்பி ஹவுஸ் போவார்கள். மேஜையில் மூன்று பையன்கள். ஒருவன் ஜோல்னாப் பையும் தாடியுமாகக் கவிதை எழுதுவான்; மூன்றே இதழ் வந்து நின்றுபோன பத்திரிகைக்கு அவன்தான் ஆசிரியர். இன்னொருவன் வெளிநாடு போகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் 1970-ல் கிராமத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவன்தான், திரும்பி வரவேயில்லை. வீட்டுக்குத் தெரிந்து சித்தி புத்தகக் கடைக்குப் போனாள். தெரியாமல் அரைக் கோப்பை இன்ஃப்யூஷன். மீதி அரைக் கோப்பை ஸ்நேகிதிக்கு.

நாலரை மணி அடித்தால் இரண்டு பேரும் எழுந்தாக வேண்டும். பேச்சு சூடு பிடிக்கிற நேரமே அதுதானாம். அடுத்த வாரம் போய், "போன வாரம் கடைசியில என்னதான் முடிவாச்சு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம். சித்தி சொல்வாள்: "உலகத்தையே மாத்தறதைப் பத்திப் பேசினாங்கடி. பொண்ணுங்க அஞ்சு மணிக்கு மேல உட்கார முடியலையே, அதை மாத்தறதைப் பத்தி ஒருத்தரும் பேசலை."

1971-ல் தெருவில் குண்டு வெடிக்கிற காலம். தாத்தா படிப்பை நிறுத்திவிட்டார். அதே வருஷம் கல்யாணம், திருச்சி. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் பயம் அப்படி.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 1996-ல் ஒரு கல்யாணத்துக்குச் சித்தி கல்கத்தா வந்தாள். எனக்குப் பதினேழு வயசு. "வாடி, ஓர் இடத்துக்குப் போலாம்" என்று என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, மகாத்மா காந்தி சாலையில் இறங்கி நடந்தோம். அவள் காலத்தில் மெட்ரோ ஏது! படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய், ஜன்னல் ஓரத்து மேஜை ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் நாலைந்து பெண்கள், ஆண் துணை எதுவும் இல்லாமல், கடிகாரத்தைப் பார்க்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பாரு, பாரு" என்று சித்தி சிரித்தாள். மணி அப்போது ஐந்தரை.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஏன் சித்தி, எல்லாரும் அழறாங்க, உனக்கு மட்டும் அழுகை வரலையா?" என்று கேட்டேன்.

சித்தி ஸ்பூனால் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பாட்டுல சுஜாதா சுகமா இருக்காங்கறாரே, எப்படித் தெரியுமாம்? கேள்விப்பட்டாராம்! புருஷன் பணக்காரன்னு யாரோ சொன்னாங்களாம். போய்ப் பார்த்தாரா? ஒரு லெட்டர் போட்டாரா? அந்த ரமாவையாவது ஆஸ்பத்திரில போய் ஒருத்தராவது பார்த்தாங்களா? மேஜைக்காக இவ்வளவு அழறாங்களே, மேஜையில உட்கார்ந்திருந்தவளைத் தேடலையே!"

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நானும்தான் கேள்விப்பட்டேன்" என்றாள். அவளுடைய ஸ்நேகிதி டாக்டரைக் கட்டிக்கொண்டு அமோகமாக இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சித்தியும் இருபத்தைந்து வருஷமாக அதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ஷ்யாம்பஜார் பக்கம் ஸ்நேகிதியின் பிறந்த வீட்டைத் தேடிப் போனோம். விலாசமாவது கிடைக்காதா என்றுதான். கதவைத் திறந்தவரே அந்த ஸ்நேகிதி. கல்யாணமாகி நாலாம் வருஷமே திரும்பி வந்துவிட்டாராம். மாடியில் ஒரு சின்ன அறை. தரையில் பாய் விரித்துப் பத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்து முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் குழந்தைகளையெல்லாம் "இன்னிக்கு லீவு" என்று அனுப்பிவிட்டார். பொரியும் சந்தேஷும் வந்தன. இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், இருட்டும் வரை பேசினார்கள். பாதி வங்காளி, பாதி இங்கிலீஷ். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அந்த அம்மாள் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. "எல்லாரும் என்னைச் சுகமா இருக்கேன்னு நினைச்சுட்டாங்க. அதனால ஒருத்தரும் வரலை."

அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம். 2003 ஜனவரியில் அவர் திருச்சிக்கே வந்தார். நம் ஊர்ச் 'குளிருக்கு'க் காதைச் சுற்றி மப்ளர்! சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் பார்த்ததைவிட, சித்தி வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிய நேரம்தான் அதிகம்.

எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? பள்ளிக்கூடத்திலோ காலேஜிலோ நமக்கும் ஒரு கூட்டம் இருந்தது. கல்யாணத்தோடு அது கலைந்துவிட்டது. ஆண்களுக்கு ஊர் அதே ஊர், கடையும் அதே கடை. நமக்கு ஊர் மாறுகிறது, வீடு மாறுகிறது, சில பேருக்கு இனிஷியலே மாறிவிடுகிறது. அப்புறம் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்படுகிறோம். 'நல்ல இடத்துல கொடுத்திருக்காங்க', 'சொந்த வீடு', 'பிள்ளை அமெரிக்காவுல'. இதெல்லாம் சொத்துக் கணக்கு. சுகக் கணக்கு வேறே. வாட்ஸ்அப்பில் பழைய வகுப்புக் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நல்லதுதான். காலை வணக்கமும் பூங்கொத்தும் வருகின்றன. அதில் யாராவது "எனக்கு ராத்திரி தூக்கம் வரலை" என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

முக்கியமாகக் கைக்குழந்தைக்காரிகளுக்குச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம்; இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்த்தாலும் ஒட்டுதல் வரவில்லையென்றால், அது உடம்பு அசதி என்று விட்டுவிடக் கூடாது. வைத்தியம் உண்டு, டாக்டரிடம் சொல்ல வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் பேசலாம். அந்தப் பாட்டின் ரமா ராய்க்கு இப்படி ஓர் எண் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு ஒரு மேஜை வேண்டும். காப்பி ஹவுஸ்தான் வேண்டுமென்பதில்லை. எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஒருத்தி வீட்டில் கூடுகிறோம். இரண்டு விதி. ஒன்று, வந்தவர்களுக்குக் காப்பி மட்டும்தான். பஜ்ஜி போட ஆரம்பித்தால் கூப்பிட்டவள் அடுப்படியிலேயே நின்றுவிடுவாள். இரண்டு, நாலரைக்கு எழுந்து ஓடக் கூடாது. அன்றைக்கு ஒரு நாள் வீட்டு மனிதர்கள் பாலைத் தாங்களே காய்ச்சிக்கொள்ளட்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. இப்போது வியாழக்கிழமை வந்தால், "இன்னிக்கு உன் அட்டா இல்லையா?" என்று என் வீட்டுக்காரரே ஞாபகப்படுத்துகிறார்.

மகள் காலேஜ் போகிற வயசானால், "யாரோட உட்கார்ந்து என்ன பேசறே?" என்று அதட்டாமல் கேளுங்கள். அவள் ஸ்நேகிதிகளை வீட்டுக்கும் கூப்பிடுங்கள். அந்த நாவலின் அம்மாவைப் போல, காலம் கடந்து தேடும்படி நமக்கு நேர வேண்டாம்.

உங்கள் மேஜையில் இருந்தவள் இப்போது எங்கே? போன் நம்பர் கிடைக்காத காலமில்லை இது. கூப்பிடுங்கள். "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு "சௌக்கியம்" என்கிற பதிலை நாம் எல்லோரும் வாயிலேயே தயாராக வைத்திருக்கிறோம். "நேத்து மத்தியானம் என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.